கோயிலுக்குப் போவதாகச் சொல்லி ஓடிய காலைகள்

இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தவள் நான். மளிகைச் சாமான் பட்டியலும் மகனின் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புக் கடிதமும் தவிர அதிகம் எழுதியதில்லை. நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும்போது நான் எழுத உட்கார்ந்ததைப் பெரிய மனது வைத்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெருமைப்படும்படி இதில் ஒன்றும் இல்லை.

பள்ளியில் நான் நானூறு மீட்டர் ஓடுவேன். மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறேன். பதினாறு வயதில் நின்றது, பிறகு இருபது வருடம் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அன்றுதான் மறுபடி ஓட வேண்டும் என்று தோன்றியது.

கணவருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை, காலை ஏழரைக்குத்தான் வருவார். மகன் படிவம் ஒன்று, மாலைப் பள்ளி, அதனால் எட்டு மணி வரை தூங்குவான். கேட்டிருந்தால் கணவர் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நான் கேட்கவே இல்லை. முப்பத்தாறு வயதுப் பொம்பளை திடலைச் சுற்றி ஓடுவதை வாயால் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

முதல் நாள் ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். இன்னும் இருட்டு. பஞ்சாபி சூட் போட்டிருந்தேன். மகன் பள்ளிக்குக் காலில் போட்டுப் போகும் வெள்ளைச் சப்பாத்தை ஒரு துணிப்பையில் மறைத்து வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஆறரைக்கு வரும் பெக்டரி பஸ்ஸில் ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போகிறவர்.

“என்னாம்மா, காலங்காத்தால குளிச்சிட்டு? கோயிலுக்கா?” என்றார்.

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். பொய்யை நான் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அவரே எடுத்துக் கொடுத்தார்.

அன்று திடலில் அரைச் சுற்றுக்கு மேல் முடியவில்லை. விலாவில் குத்தல் எடுத்து, கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். ஆனால் மறுநாளும் போனேன். ஒரு மாதத்தில் இரண்டு சுற்று, மூன்றாம் மாதத்தில் எட்டு. வீட்டுத் திருநீற்றைத் தாளில் மடித்துப் பையில் கொண்டுபோவேன். ஓடி முடித்து, முகத்தைத் துடைத்து, நெற்றியில் பூசிக்கொண்டு திரும்புவேன். சப்பாத்து ஏன் ஈரமாக இருக்கிறது என்று மகன் கேட்டால், கழுவினேன் என்பேன். அக்கா வரிசை முழுக்க என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். “தெனம் போறாலா, ஒரு நாள் தவறாது. நம்மளால முடியுமா?” கணவரும், “எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கோ” என்று சிரித்தார்.

நான்காம் மாதம் அக்காவின் கணவருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் சாயங்காலம் அக்கா ஒரு தேங்காயும் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்தார். பெயர், நட்சத்திரம், ராசி எழுதிய தாளும் இருந்தது.

“நாளைக்குப் பத்து மணிக்கு உள்ள கொண்டு போறாங்க. நீ போறப்ப இவரு பேருக்கு ஒரு அர்ச்சனை செஞ்சிரும்மா. திருநீற எடுத்துக்கிட்டு ஏழு மணிக்குள்ள வந்துரு, நான் ஆஸ்பத்திரிக்கு பஸ் புடிக்கணும்.”

சரிக்கா என்றேன்.

காலையில் கோயிலுக்குப் போகும் எண்ணத்தோடுதான் கிளம்பினேன். சப்பாத்தையும் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. முச்சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கோயில், வலப்பக்கம் திடல். நாலு சுற்று மட்டும் ஓடிவிட்டு நேராகப் போகலாம் என்று வலப்பக்கம் திரும்பினேன். தேங்காய்ப் பையைப் புல்லில் வைத்தேன். பெயர் எழுதிய தாளை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டேன், ஓடும்போது அவருக்காக வேண்டிக்கொள்ளலாம் என்று. இரண்டாம் சுற்றில் மறந்துபோனேன்.

அன்று கால்கள் தானாகப் போயின. பத்துச் சுற்று நிற்காமல் ஓடினேன். இருபது வருடத்தில் அப்படி ஓடியதில்லை. இன்றுவரை எனக்குக் கூசுவது அதுதான். அன்று நான் மிக நன்றாக ஓடினேன்.

நின்று மணி பார்த்தபோது ஏழாக ஐந்து நிமிடம் இருந்தது. தாளில் மை வியர்வையில் கலைந்திருந்தது. கால்வாய்க் கட்டையில் தேங்காயை உடைத்தேன். ஒரு மூடியைப் பையில் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த திருநீற்றை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். அக்கா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் கையைப் பிடித்தார். “உனக்குப் புண்ணியமா போகும்லா.”

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கழித்து அவரை வீட்டுக்கு விட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து, நன்றிக்கு ஓர் அர்ச்சனை செய்ய வேண்டும், நீயும் வா என்றார். துணி ஊறுகிறது என்றேன், சோறு வைக்க வேண்டும் என்றேன். “ஊறட்டும். உன் கையால செஞ்சதுதான அவர காப்பாத்துச்சு” என்று இழுத்துக்கொண்டு போனார்.

சன்னதியில் குருக்களிடம் அக்கா சத்தமாகச் சொன்னார். “சாமி, இவ தெனம் காலைல வர்றவ. இவதான் அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் பேருக்கு அர்ச்சனை செஞ்சா.”

குருக்கள் என்னைப் பார்த்தார். கெட்ட எண்ணமில்லாத மனிதர்.

“காலையிலயா? காலையில நடை திறக்கறது நான்தானேம்மா. இவங்கள நான் பார்த்ததில்லையே.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா தட்டைக் கொடுத்தார், கற்பூரம் ஒற்றிக்கொண்டார், திருநீறு வாங்கினார். வெளியே செருப்பு மாட்டும்போதுதான் கேட்டார்.

“அப்ப தெனம் எங்க போன?”

“திடலுக்குக்கா. ஓடுறதுக்கு.”

“ஓடுறதுக்கா?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரு தொரத்துனா ஒன்ன?” உடனே சிரிப்பு நின்றது. “அன்னைக்கும்?”

எல்லாவற்றையும் சொன்னேன். கால்வாய்க் கட்டையையும் சொன்னேன். சப்பாத்து இருந்த பையில்தான் தேங்காயும் இருந்தது என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை.

“அந்தத் திருநீற பூசித்தான் அவர உள்ள அனுப்புனேன்” என்றார். “முடியாதுன்னு சொல்லியிருந்தா நானே போயிருப்பேன்லா. அன்னைக்கு நான் நாலு மணிக்கே எந்திரிச்சி ஒக்காந்திருந்தேன்.”

“தப்புதான்க்கா. ஓடுறேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். அவ்ளோதான்.”

பிறகு அவர் முன்னால் நடந்தார். நான் பத்தடி பின்னால் வந்தேன். எட்டிப் பிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, காலையிலேயே மழை. நான் எங்கும் போகவில்லை. ஒன்பது மணிக்கு அக்கா கணவரை டாக்சியில் ஏற்றிக்கொண்டு காயத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார். எப்போதும் என்னிடம் கொடுக்கும் வீட்டுச் சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.