மைனஸில் வந்த மெஷின்

காலை ஆறே முக்காலுக்கு, துணி பிழியும் மெஷின் என் மகள் சுமதியின் துப்பட்டாவை இழுத்துக்கொண்டது.

திருச்சானூர் லாட்ஜுகளுக்கு விரிப்புகள் துவைத்துக் கொடுக்கிறோம். மெஷினின் மூடிப் பூட்டு பழுதாகி வெகுநாளாயிற்று. அவசரத்தில் அது சுற்றி நிற்கும் முன்பே திறப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம்.

புதியது வாங்கலாமா என்று, எம்.பி.ஏ. படித்த சுமதி போன மாதம்தான் கணக்குப் பார்த்தாள். வருடாவருடம் மிச்சமாகும் கரண்ட், ரிப்பேர் செலவையும் பழையதை விற்றால் வரும் பணத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, புதியதன் விலையைக் கழித்தாள். நிகர நிகழ்கால மதிப்பு மைனஸில் வந்தது; அதாவது, வாங்கினால் நஷ்டம்.

"யாருக்னா அடிபட்டா ஆவுற செலவ இதுல போடல நைனா."

"நடக்காததுக்கு இன்னாம்மா கணக்கு? ஓடிக்கினுதானே இருக்குது!" என்று நான்தான் முடித்துவைத்தேன்.

துப்பட்டா கிழிந்ததால் கழுத்து தப்பியது. விரலில் மட்டும் தையல். இப்போதெல்லாம் ஆளுக்கு ஆபத்து உண்டா என்று பார்த்த பிறகே செலவுக் கணக்கைத் தொடுகிறேன்.

அன்று சித்தூரிலிருந்து என் மனைவி பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மகளின் கழுத்தைத் தடவிப் பார்த்தபடி நின்றாள். "புதுசு வாங்கிடலாம். பழசைக் கேட்டு சந்திரகிரியில ஓர் ஆள் இருக்காரு" என்றேன்.

"அந்த வூட்லயும் ஒரு பொண்ணு துணி போடுவா. ஒடச்சி இரும்புக் கடையில போடுங்க" என்றாள்.