நார்பர்ட்டுக்கு மிச்சமிருந்த சொற்கள்

மேரிக்குட்டி தமிழ்நாட்டு நீரோடியிலிருந்து எல்லை தாண்டி, கேரளத்துப் பொழியூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். கோயிலில் பூசை மலையாளத்தில்தான். வீட்டில் மட்டும் அவள் பிறந்த வீட்டு ஜெபம், தமிழில். கொல்லயில் ஊர்ப் பக்கம் வீடு வீடாக மீன் விற்றுவிட்டுத் திரும்பி, குளித்து, சோற்றை வடித்துவைத்த கையோடு மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிடுவாள். ஜெபமாலையில் ஒவ்வொரு ஜெபத்தின் முன்பாதியையும் அவள் சொல்ல, பின்பாதியை அவள் புருஷன் நார்பர்ட் பதிலாகச் சொல்ல வேண்டும். விடியும் முன்பே கடலுக்குப் போய்வந்த மனுஷர். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு முனகுவார்.

"மாதாவுக்கு முன்னால இருந்து உறங்குதீரா?" என்பாள் அவள், ஜெபத்தின் நடுவிலேயே.

"அதான் வாயி ஜெபத்த செல்லுதில்லியா. நீ மேக்கொண்டு போ."

பாறசாலையில் துணிக்கடை வேலைக்குப் போகும் மகள் ஜெஸ்மி சிரிப்பை அடக்கிக்கொண்டு மாதாவைப் பார்ப்பாள்.

ஒரு நாள் கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது நார்பர்ட்டின் வலது கையிலிருந்து கயிறு நழுவியது. கூட இருந்தவர்கள் ஏதோ கேட்டார்கள். அவர் சொன்ன பதில் யாருக்கும் விளங்கவில்லை. வெயில் தலைக்கேறிவிட்டது என்று தண்ணீரை ஊற்றினார்கள். வாய் ஒரு பக்கம் கோணியதைப் பார்த்த பிறகுதான் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சு முழுதாகப் போயிருந்தது. மிச்சம் இருந்தது "தா" என்ற ஒரே ஓசை. தண்ணீருக்கும் தா, வலிக்கும் தா, மகளைக் கூப்பிடவும் தா. என்ன வேண்டுமென்று புரியாமல் மேரிக்குட்டி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கடைசியில் இடது கையால் கட்டிலில் அடிப்பார்.

அவள் கேட்டதெல்லாம் பேச்சைத்தான். நடக்க வேண்டாம், கடலுக்குப் போக வேண்டாம். ஒரு வார்த்தை பேசினால் போதும். மீனை எடுத்துவைக்கும்போதும் அதே வேண்டுதல், சட்டி கழுவும்போதும் அதே வேண்டுதல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அம்மாவும் மகளும் முழங்காலிட்டார்கள். மேரிக்குட்டி முன்பாதியைச் சொல்லி முடித்தாள். ஜெஸ்மி வாய் திறக்கும் முன்பே பின்னால் கட்டிலிலிருந்து பதில் வந்தது. தூய மரியே, இறைவனின் தாயே என்று தொடங்கி, இறப்பின் வேளையிலும் வேண்டிக்கொள்ளும் என்று முடியும் வரை ஒரு எழுத்து பிசகவில்லை.

ஜெஸ்மி அலறிவிட்டாள். மேரிக்குட்டி கட்டிலுக்கு ஓடி அவர் முகத்தைக் கையில் ஏந்தினாள்.

"இஞ்ச பாரும். என்ன பாரும். நான் ஆராக்கும்? மேரின்னு செல்லும்."

அவர் உதடு துடித்தது. "தா."

"இப்பம் மரியேன்னு சென்னீரே! அதே போல மேரின்னு செல்லும்!"

"தா... தா." கண்ணீர் காதுவரை வழிந்தது. அவள் திரும்பவும் முன்பாதியைச் சொன்னாள். பின்பாதி தடையில்லாமல் வந்தது. அது முடிந்ததும் மறுபடியும் தா.

மறுநாள் கரை முழுக்கச் செய்தி பரவியது. மாதாவே அந்த நாக்கைத் தொட்டாள் என்றார்கள். முற்றத்தில் மெழுகுதிரி ஏற்றினார்கள். மேரிக்குட்டிக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. இன்று ஜெபம் வந்தால் நாளைக்குப் பேச்சும் வரும் என்று நம்பினாள். ஒரு பெண் காய்ச்சல்காரக் குழந்தையோடு வந்து, நார்பர்ட்டின் செத்த கையைத் தூக்கிக் குழந்தையின் தலையில் வைத்தாள். அத்தனை பேருக்கு நடுவில் அவருக்கு மூத்திரம் போய்விட்டது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு தா தா என்று அழுதார்.

மேரிக்குட்டி வாசலை மறித்து நின்றாள். "இவரு புண்ணியாளன் ஒண்ணும் இல்ல. சீக்கு வந்த மனுஷன். எல்லாரும் போங்க."

நெய்யாற்றின்கரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரேஷ்மி என்ற பெண்ணிடம் அவரைக் கொண்டுபோனார்கள். அவள் பொறுமையாகச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, நம்ம யோசிச்சுப் பேசுத பேச்சு மூளையில ஒரு பக்கம். அதாக்கும் கெட்டுப் போச்சு. சின்னப் பிராயத்திலேருந்து செல்லிச் செல்லிப் பழகினது வேற வழியாவும் வரும். சில பேருக்கு பாட்டு வரும். இவருக்கு பிரார்த்தன வருது. மத்த பேச்சு திரும்பும்னு நான் வாக்கு தர முடியாது."

"அப்பம் அவரு ஜெபிக்கல்லியா மக்கா? வாயி மட்டுமா செல்லுது?"

ரேஷ்மி நார்பர்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அது எனக்குத் தெரியாதம்மா."

ஊருக்கு வந்ததும் அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு மேரிக்குட்டி கோயிலுக்குப் போனாள். மத்தியானக் கோயில், ஆள் இல்லை. முழங்காலிடவில்லை. நின்றபடியே மாதாவிடம் கேட்டாள்.

"ஒனக்கு உள்ள வார்த்தய மட்டும் விட்டுவச்சிருக்க. எனக்கு உள்ளத எல்லாம் எடுத்தாச்சு. முப்பது வருசம் அவருகூட வாழ்ந்தவ நான். எனக்கு ஒண்ணு தந்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போவும்?"

அன்றிலிருந்து வீட்டில் ஜெபம் நின்றது. சாயங்காலமானால் நார்பர்ட் மாதா படத்தைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், தா என்பார். அவள் அடுப்படியை விட்டு வரமாட்டாள். அவர் சாப்பாட்டைத் தட்டிவிடத் தொடங்கினார். ஒரு நாள் சிந்திய கஞ்சியைத் துடைத்துக்கொண்டிருந்தவள், ஆத்திரம் தாங்காமல் தரையில் உட்கார்ந்தபடியே முன்பாதியைச் சொன்னாள். அவர் பதில் சொன்னார். அவள் சொன்னாள், அவர் சொன்னார். முகத்தில் இருந்த முறுக்கெல்லாம் தளர்ந்து, பழைய நார்பர்ட் அங்கே படுத்திருந்தார். ஒருவர் சொல்ல ஒருவர் பதில் சொல்லும் பேச்சு இந்த வீட்டில் இனி இது ஒன்றுதான் என்று அவளுக்கு விளங்கியது.

பிறகு அவள் அதை விடவில்லை. வேகமாகச் சொல்வதைத்தான் விட்டாள். அவர் குரலை உற்றுக் கேட்கப் பழகினாள். இழுத்துச் சொன்னால் முதுகு வலிக்கிறது. வெடுக்கென்று சொன்னால் துணி நனைந்திருக்கிறது. பேச்சு வேண்டுமென்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அவருக்குப் புண் வராதிருக்க வேண்டும், அவரைத் தூக்கும்போது தன் இடுப்பு ஒடியாதிருக்க வேண்டும். அவள் கேட்டது அன்றன்றைக்கு உள்ளது மட்டுமே.

அடுத்த மழைக்காலத்தில் கடல் ஏறியது. முன்வரிசை வீடுகள் போய், ஒரு நாள் காலையில் இவர்கள் வீட்டு முற்றத்து மண் சரியத் தொடங்கியது. ஆட்டோ ஓட்டும் ஜெயனும் இன்னும் சிலரும் நார்பர்ட்டைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். வாசல் வந்ததும் அவர் இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார். விரலைப் பிரிக்க முடியவில்லை. தா தா என்று கத்தினார்.

"மாமா, விடும்! செவரு பொளந்தாச்சு!" ஜெயன் கெஞ்சினான்.

மேரிக்குட்டி அவர் காதோரம் குனிந்தாள். அலைச் சத்தத்தை மீறி, அருள் நிறைந்த மரியே வாழ்க என்று உரக்கத் தொடங்கினாள். அவர் அவளைப் பார்த்தார். பதில் தொண்டையில் எழும்பி வந்தது. சொல்லிக்கொண்டே கையை விட்டார். முகாம் திறந்திருந்த பள்ளிக்கூடம் வரை அவள் நாற்காலியோடு நடந்து சொல்லிக்கொண்டே போனாள். சாயங்காலத்துக்குள் வீடு இடிந்து விழுந்தது.

பள்ளிக்கூட வகுப்பறையில், சேலையைத் திரையாகக் கட்டிய மூலையில், நார்பர்ட்டுக்குப் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மேரிக்குட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்து முன்பாதியைச் சொல்லிக் காத்திருந்தாள். பதில் வரவில்லை. மறுபடி சொன்னாள். கண் திறந்திருந்தது, உதடு அசையவில்லை.

"அம்மா, நான் செல்லட்டா?" என்றாள் ஜெஸ்மி.

"வேண்டாம். அவருக்குள்ளத அவரு செல்லட்டு."

கடைசி வரை அவர் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அடக்கம் முடிந்தது. மேரிக்குட்டி அழவில்லை என்று பெண்கள் குறை பேசினார்கள்.

மழை விட்டதும் அவள் மீன் பெட்டியோடு கொல்லயிலுக்குப் போனாள். வழக்கமாக மீன் வாங்கும் ஸ்ரீகுமாரி வாசலுக்கு வந்தாள். புருஷன் மோகனனுக்கு ஆபரேஷன் என்று பத்மநாப சுவாமிக்கு நேர்ந்துகொண்டு நாற்பத்தொரு நாள் விரதம் இருந்தும், அவரை இழந்து தாலி கழற்றியவள்.

"மேரி, நீ கேட்டது ஒண்ணுமே கிட்டல்லியே. பின்னயும் கோயிலுக்குப் போறியா?"

மேரிக்குட்டி அயிலையைப் பொறுக்கி எடுத்தாள். "கிட்டல்ல சேச்சி. பேச்சும் வரல்ல, வீடும் நிக்கல்ல, ஆளும் இல்ல. போறேன். செல நாளு ஜெபம் செல்லுவேன். செல நாளு சண்ட போட்டுட்டு வருவேன். அங்க போவல்லண்ணா இத நான் ஆருகிட்ட கேக்க?"

ஸ்ரீகுமாரி சட்டியை நீட்டினாள். நான் சாமிக்கு விளக்கு கொளுத்தியே வருசம் ஆச்சு என்று மெல்லச் சொன்னாள். மேரிக்குட்டி அயிலையைச் சட்டியில் போட்டாள். பெட்டியில் பாதிக்கு மேல் மீன் மிச்சமிருந்தது. வெயில் ஏறுமுன் பாறசாலைக்காவது போய்ப் பார்க்கலாமென்று, வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.