துள்ளாத கால்

சிவயோகத்தின் புருசனுக்குக் கால் சுடவில்லை. ஊர் அதை அம்மனின் அருள் என்றது. சிவயோகம் அதை நோய், வருத்தம் என்றாள். ஊர் பெரிது, அவள் ஒருத்தி. அதனால் பல காலம் அருள்தான் வென்றுகொண்டிருந்தது.

மண்கும்பான் கரையோரத்தில் அந்த அம்மன் கோயில். ஆனி மாதத் திருவிழாவில் நடுப்பகல் பூசை முடிந்ததும் சாமி வெளிவீதி சுற்றும். வீதி முழுக்க வெள்ளை மணல். அந்த வெயிலில் அந்த மணலில் கச்சான் கடலை வறுக்கலாம். சாமியின் வாகனத்தைத் தோளில் காவுகிற ஆண்கள் வெறுங்காலோடுதான் நடக்கவேண்டும். நடப்பது எங்கே, துள்ளுவார்கள். அவர்கள் துள்ளத் துள்ள மேலே சாமியும் குலுங்கும். “அம்மாளாச்சி ஆடி வாறா” என்று பெண்கள் கைகூப்புவார்கள்.

பரமலிங்கம் மட்டும் துள்ளமாட்டார். வாகனத்தின் வலப்பக்க முன்தண்டைத் தோளில் வாங்கிக்கொண்டு, வயல் வரம்பில் போகிறவர் மாதிரி ஆறுதலாக நடப்பார். அந்த முன்தண்டு அவருடைய குடும்பத்துக்கு உரிமை. எந்தக் காலத்தில் யார் கொடுத்தது என்று எவருக்கும் தெரியாது. பந்தலுக்குத் தடி வெட்டிக் கொடுத்தவனும் வீதிக்கு மணல் சுமந்து கொட்டியவனும் அதில் கை வைக்கக்கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஒரு வருசம் அவர் தோள் கொடுக்காவிட்டால் தண்டு அவருடைய சித்தப்பா மகன் பாலசிங்கத்துக்குப் போய்விடும். போனது திரும்பாது.

சிவயோகம் நயினாதீவில் பிறந்து இந்த ஊருக்கு வாழ வந்தவள். பரமலிங்கத்துக்குத் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை இருந்தது. கலியாணம் முடித்த முதல் வருசங்களில் புருசனை அவள் திருவிழாவுக்கு வந்துபோகிற விருந்தாளியாகத்தான் அறிவாள். புகையிலைத் தோட்டத்தை அவளே பார்த்தாள். கிணற்றுத் துலா மிதிக்க ஆள் பிடித்தாள், வியாபாரியோடு விலை பேசினாள். ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலகத்தில் கடையை எரித்தார்கள். அவர் உடுத்த வேட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து “உமக்கு இதெல்லாம் விளங்காது” என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம், வேலை குறையவில்லை.

வேலிக்கரையில் அவர் ஒன்றுக்குப் போய்ச் சலம் விட்ட இடத்தில் எறும்பு மொய்த்ததை முதலில் கண்டதும் அவள்தான். இழுத்துக்கொண்டு ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குப் போனாள். அங்கே அவருடைய சலத்தைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள். நீலம் செங்கல் நிறமாயிற்று. “சீனி வருத்தம்” என்றார் டாக்குத்தர். “சீனியை விடவேணும். காலைக் கவனமாப் பாக்கவேணும். செருப்பில்லாமல் நடக்கக்கூடாது.”

பரமலிங்கம் சீனியை விட்டார். நாடு முழுக்கச் சீனியைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலம் அது. விடுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் பால் விடாத வெறுந்தேத்தண்ணியோடு உள்ளங்கையில் பனங்கட்டி வைத்துக் கடிப்பதை விடவில்லை.

“சீனியைத்தானே டாக்குத்தர் வேண்டாமெண்டவர். பனங்கட்டியைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை.”

“பனங்கட்டி என்ன, உப்போ?”

“அது மரத்திலை வாறது. சீனி மெசினிலை வாறது. உமக்கு விளங்காது.”

செருப்பும் அப்படித்தான். அவள் வாங்கிக் கொடுத்த றப்பர் செருப்பு ஆசுப்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் வெளியே வரும். திரும்பி வந்ததும் துடைத்து அலுமாரிக்குக் கீழே வைத்துவிடுவார். “தோட்டத்துக்குள்ளை செருப்போடை போறவன் தோட்டக்காரனோ, ஊர் விதானையோ?” என்பார்.

எழுபத்திரண்டாம் ஆண்டுத் திருவிழாவுக்கு மறுநாள் விடிய அடுப்படிக்குள் அவர் வந்தபோது சீமெந்து நிலத்தில் ஈரக் காலடி பதிந்திருந்தது.

“கிணத்தடியிலையிருந்தோ வாறியள்?”

“இல்லையே. இப்பதான் எழும்பினனான்.”

அவள் குனிந்து பார்த்தாள். அது தண்ணீரில்லை. காலைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் உடைந்து, தோல் வெங்காயச் சருகு மாதிரித் தொங்கியது.

“நோகேல்லையோ?”

“இல்லை.” அதை அவர் பெருமையாகச் சொன்னார்.

செய்தி பரவியது. மணல் சுட்டும் நோகாத காலைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை. ஒருவர் புண்ணில் திருநீறு பூசினார், இன்னொருவர் தீர்த்தம் தெளித்தார், ஒரு கிழவி காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிவயோகம் ஒவ்வொருவராகப் போனபிறகு திருநீற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்தபோதுதான் அவர் பஸ் ஏறச் சம்மதித்தார். இரண்டு விரலையும் எடுத்தார்கள்.

ஆசுப்பத்திரி வாட்டில் நின்றபோதுதான் அவளுக்கு உண்மையில் கோபம் வந்தது. எத்தனை கட்டில், எத்தனை கட்டுப்போட்ட கால். அனலைதீவார் ஒருவர் சிப்பி வெட்டியது என்றார். நெடுந்தீவார் ஒருவர் பனங்கருக்குக் கீறினது என்றார். வேலணையார் ஒருவர் எதுவும் செய்யவில்லை, தானாக வந்தது என்றார். ஆளுக்கொரு கதை, எல்லாருடைய சலமும் குழாயில் செங்கல் நிறம். கோயில் வாசலில் சேர்ந்து நிற்க விடாதவர்களை இந்த வருத்தம் அடுத்தடுத்த கட்டிலில் படுக்க வைத்திருந்தது. அங்கே அது ஒருவருக்கும் முன்தண்டு உரிமை கொடுக்கவில்லை.

“இவ்வளவு பேரும் சீனிக்காரரோ?” என்று மருந்து கட்டுகிற இன்னாசித்தம்பியிடம் கேட்டாள்.

“ஓம் அக்கா. திருவிழா முடிஞ்சா இன்னும் வருவினம். எங்கடை மாதா கோயில் பெருநாள் முடிஞ்சாலும் வருவினம். சாமியள் மாறி மாறி அனுப்புகினம், நான் ஒருத்தன் கட்டுறன்.”

வீட்டுக்கு வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலசிங்கமும் மனைவி கமலாதேவியும் சுகம் விசாரிக்க வந்தார்கள். கூடவே அயலவர் சிலர். பாலசிங்கம் வந்ததும் தண்ணீர் கேட்டார்; செம்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார்.

“விரல் போனாலென்ன அண்ணை, நீங்கள் நடந்த நடை இந்தத் தீவிலை ஒருத்தரும் நடக்கேல்லை. அம்மாளாச்சி உங்கடை காலுக்குக் கீழை மட்டும் மணலைக் குளிர வைச்சவ.”

சிவயோகம் தையல் ஊசியோடு வந்தாள். புருசனின் சால்வையை எடுத்து அவருடைய கண்ணைக் கட்டினாள்.

“இஞ்சாரும், என்ன விசர் வேலை?”

“சும்மா இருங்கோ. நான் குத்தேக்கை சொல்லுங்கோ.”

நல்ல காலின் பாதத்தில், சுடுமணலும் புண்ணும் படாத இடமாகப் பார்த்துக் குத்தினாள். அவர் பேசாமல் இருந்தார். குதிக்கு மேலே குத்தினாள். இரத்தம் பொட்டாக வந்தது. அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

“எப்ப குத்தப்போறீர்?” என்று கேட்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிவயோகம் கட்டை அவிழ்த்து இரத்தத்தைக் காட்டினாள். “இது வீதியில்லை, எங்கடை வீடு. திருவிழாவுமில்லை. வாகனமுமில்லை. இஞ்சை ஆர் குளிர வைச்சது? நரம்பு செத்துப்போச்சு. செத்த நரம்புக்குத்தான் நீங்கள் எல்லாரும் கற்பூரம் கொளுத்துறியள்.”

பரமலிங்கம் இரத்தப் பொட்டை நெடுநேரம் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. அவள் ஒரு கணம் நம்பினாள். பிறகு அவர் சொன்னார்: “அதுவும் அவவின்ரை செயல்தான்.”

“பாத்தியளே மச்சாள்” என்று எழும்பினார் பாலசிங்கம். “வீட்டுக்குள்ளையும் அவ காவல் நிக்கிறா.” போகும்போது வாசலில் நின்று இன்னொரு செம்பு தண்ணீர் கேட்டார்.

அடுத்த ஆனி நெருங்கியது. புண் முழுதாக ஆறவில்லை. சிவயோகம் கோயில் பூசகர் கைலாசபதி ஐயரிடம் போனாள்.

“ஐயா, பின்னேரம் வெயில் தாழச் சாமியை வெளியிலை கொண்டுவரலாமே?”

“நேரம் நாங்கள் வைச்சதில்லைப் பிள்ளை.”

“அப்ப வீதிக்குத் தண்ணியாவது தெளியுங்கோ.”

“ஒருத்தருக்காக வழக்கத்தை மாத்த ஏலாது. ஏலாதவர் நிக்கட்டும். பாலசிங்கம் இருக்கிறார்.” சொல்லிக்கொண்டே ஐயர் தம்முடைய மரக்குறட்டில் காலை நுழைத்து மடைப்பள்ளிப் பக்கம் நடந்தார். டக், டக், டக். குளிர்ந்த கல் நிலத்தில் குறடு. கொதிக்கிற மணலில் வெறுங்கால். இதை யோசித்து வைத்தவனுடைய மூளையை எந்தக் குழாயில் ஊற்றிக் காய்ச்சுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் கடைசியாகவும் சொல்லிப் பார்த்தாள்.

“போகாதையுங்கோ.”

“ஒரு வருசம் விட்டா தண்டு போயிடும்.”

“தண்டு போனாப் போகட்டும். கால் போனா?”

“கால் அம்மாளாச்சியின்ரை.”

“அப்ப மருந்தையும் அவவே வந்து கட்டட்டும்.” சொன்னாளே தவிர, பஞ்சு வைத்துச் சுற்றிக் கட்டியது அவள்தான். கோயில் வாசலில் அவர் அந்தக் கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுப் போனார். துணி கட்டிய காலோடு சாமி காவக்கூடாதாம்.

அந்த வருசம் அவர் நடந்ததைப் பார்த்து அழாதவர்கள் இல்லை என்று சொன்னார்கள். ஆவணி பிறக்கமுன் கால் கணுக்கால்வரை கறுத்தது. யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். வெட்டினபிறகு ஊர் காரணம் தேடியது. கண்ணூறு என்றது. தோட்டக் காணித் தகராறில் யாரோ செய்த சூனியம் என்றது. கடைசியில் நல்ல காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தது: அருள் நின்ற காலைச் சிவயோகம் ஊசியால் குத்தினாள், அம்மாள் கோவித்துக்கொண்டாள். குத்தினது மற்றக் காலில் என்று அவள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். சொல்லிச் சொல்லி வாய் வலித்தபின் விட்டுவிட்டாள்.

பரமலிங்கம் அதன்பிறகு அதிகம் பேசவில்லை. பனங்கட்டியைக் கேட்கவில்லை. மிஞ்சியிருந்த காலில் றப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். பின்னேரங்களில் அவள் அந்தக் காலை மடியில் வைத்துக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்துப் பார்ப்பாள். அவரும் எட்டிப் பார்ப்பார். “உமக்கு விளங்காது” என்ற சொல் அந்த வீட்டில் நின்றுபோயிற்று.

எழுபத்துநாலாம் ஆண்டுத் திருவிழாவுக்கு அவரைக் கார் பிடித்துக் கொண்டுபோனாள். அவர் கேட்டார், மறுக்க மனம் வரவில்லை. மடத்து நிழலில் கதிரை போட்டு, ஊன்றுதடியைப் பக்கத்தில் சாத்தி உட்காரவைத்தாள். சாமி வெளியே வந்தது. வலப்பக்க முன்தண்டில் பாலசிங்கம். கழுத்தெலும்பு தள்ளி, மெலிந்து, நெற்றி நிறையத் திருநீறு. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் துள்ளினார்கள்.

“பாத்தியே, அண்ணனிட்டையிருந்து தம்பிக்கு வந்திட்டுது” என்று பக்கத்தில் ஒரு பெண் கைகூப்பினாள்.

பரமலிங்கம் சிவயோகத்தின் கையைப் பிடித்தார். “அவன் துள்ளுறானில்லை.”

“ஓம்.”

“அவனுக்குச் சுடேல்லை. போய் மறியும்.”

இத்தனை வருசமாக அவள் கேட்கக் காத்திருந்த பேச்சு. கேட்டபோது சந்தோசம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. “இதை ரெண்டு கால் இருக்கேக்கை சொல்லியிருக்கலாம்” என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் இறங்கினாள்.

மணல் அவளைச் சுட்டது. நன்றாகச் சுட்டது. துள்ளித் துள்ளி ஓடி, ஆண்களின் வரிசைக்குள் புகுந்து, பாலசிங்கத்தின் முன்னால் குனிந்து கணுக்காலைப் பிடித்தாள்.

“மச்சாள், விடுங்கோ. சாமி தோளிலை இருக்கு.”

“காலைத் தூக்கும்.”

மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன் மாதிரிப் பாதத்தை மேலே திருப்பினாள். குதி முழுக்கக் கொப்புளம். நடுவில் ஒன்று உடைந்து மணல் ஏறியிருந்தது. கூட்டத்திலிருந்து ஓடிவந்த கமலாதேவி அதைப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள். பாலசிங்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தார், வேறு யாருடையவோ காலைப் பார்க்கிறவர் மாதிரி.

“நோகுதோ?” என்று கேட்டாள் கமலாதேவி.

அவர் இன்னும் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி எவ்வளவு குடிக்கிறார்? இரவிலை எத்தினை தரம் எழும்புறார்?” என்று சிவயோகம் அவளிடம் கேட்டாள். “நாளைக்குக் காலமை முதல் பஸ். நானும் வாறன்.”

“சாமி நிக்குது, சாமி நிக்குது” என்று ஐயர் பின்னாலிருந்து சத்தம் போட்டார். நின்றது உண்மைதான். முன்தண்டுக்கு உரிமையுள்ள ஆள் வேறு யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. உரிமையில்லாத தோள்கள் எத்தனையோ சுற்றி நின்றன, ஒருவரும் கூப்பிடவில்லை. துள்ளி நடந்தால் ஒரு நேரத்தில் ஒரு கால்தான் சுடும். நின்ற இடத்தில் நின்றால் உள்ளங்கால் வேகும். வாகனம் காவினவர்கள் இடமும் வலமுமாகக் கால் மாற்றத் தொடங்கினார்கள். மேலே சாமி தாறுமாறாகக் குலுங்கியது.

“மனிசி, விலத்தடி” என்று ஒருவர் பல்லைக் கடித்தார். “கால் வேகுது.”

சிவயோகம் பாலசிங்கத்தின் காலை விடவில்லை. “வேகுதோ? நல்லது” என்றாள். “துள்ளுங்கோ. உங்கடை கால் நல்லாயிருக்கு.”