வராத முடிவுக்கு ஒரு நன்றிப் பூசை

ஞாயிறு பூசை தொடங்கும் முன்னால் எங்கள் பங்குக்கோயிலில் அன்றைய பூசைக் கருத்துகளை உபதேசியார் மைக்கில் வாசிப்பார். இன்னாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னார் சுகம்பெற வேண்டி, இன்னார் வீட்டுத் திருமணத்துக்கு நன்றியாக என்று வரிசையாக வரும். யாரும் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பெயர் வந்தது. பாய்லர் பொறியாளர் தேர்வில் நான் வெற்றி பெற்றதற்கு நன்றியாக என் தாயார் ஒப்புக்கொடுக்கும் பூசை என்று வாசித்தார்.

தேர்வு முடிவு இன்னும் வரவே இல்லை.

ஆண்கள் பக்கத்தில் ஏழெட்டுத் தலைகள் என்னை நோக்கித் திரும்பின. நான் பெண்கள் பக்கத்தில் அம்மாவைத் தேடினேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மானகிரியைத் தாண்டி ஓர் ஆலையில் வேலை பார்க்கிறேன். அங்கே இருக்கும் பாய்லருக்குப் பொறுப்பாளராக இருக்க வேண்டுமென்றால் வெறும் இன்ஜினியரிங் பட்டம் செல்லாது. அரசு நடத்தும் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை வைத்திருந்த மூத்த பொறியாளர் ஓய்வு பெறும் நேரம் நெருங்கிவிட்டது. "பாஸானா அந்த இடம் உங்களுக்கு. இல்லேன்னா வெளியிலிருந்து ஆள் எடுப்போம். அப்புறம் அவரும் நீங்களும்னு ரெண்டு பேருக்கு இங்க வேலை இருக்காது" என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். போன தடவை எழுதிக் கோட்டைவிட்டவன் நான்.

இந்தத் தடவை எழுத்துத் தேர்வு பரவாயில்லை. நேர்காணல்தான் சொதப்பல். நீர்மட்டம் காட்டும் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நெருப்பை நிறுத்த வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அங்கே போய், "தண்ணி பம்பை..." என்று ஆரம்பித்துத் தொலைத்தேன். பழுக்கக் காய்ந்த பாய்லருக்குள் தண்ணீரை விட்டால் வெடித்துப்போகும். நாக்கைக் கடித்துக்கொண்டு நெருப்பை நிறுத்துவேன் என்று மாற்றிச் சொன்னேன். கேட்டவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவே இல்லை.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தால் கூட்டம் சூழ்ந்துகொண்டது. பாட்டுக்குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சத்தமில்லாம சாதிச்சுப்புட்டீகளே தம்பி!"

"இல்லண்ணே, ரிசல்ட் இன்னும் வரல."

"பாருங்கய்யா, பிரியாணி கேட்டுருவோம்னு எப்படி நழுவுறாருன்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். மறுக்க மறுக்க என் தன்னடக்கம்தான் பெருகியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கத்தினேன். அவள் அசரவில்லை. "போன தடவ செவ்வாக்கெழம தவறாம அந்தோணியாருகிட்ட கேட்டுப் பாத்தாச்சு. என்ன நடந்துச்சு? அதேன் இந்தத் தடவ முந்தியே நன்றி சொல்லிப்புட்டேன். நன்றிய வாங்கி வச்சுக்கிட்டு அவரு சும்மா இருக்க முடியுமா?"

"தரலேன்னா என்னம்மா பண்ணுவ?"

"தராம எங்குட்டுப் போயிருவாரு?" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மேலாளர் கூப்பிட்டுவிட்டார். எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவர் ஆலை அலுவலகத்தில் இருக்கிறார். சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "எங்கிட்டச் சொல்லாம கோயில்ல போய்ச் சொல்லியிருக்கீங்க" என்று மேலாளர் சிரித்தார். "திருச்சியிலிருந்து ஒருத்தரை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தேன். இப்பத்தான் போன் பண்ணி வேண்டாம்னேன்."

"சார், ரிசல்ட் வரல. எங்கம்மாதான்..."

"வரலையா? அப்ப எதுக்கு நன்றி?"

அம்மாவின் கணக்கை இந்துவான அவருக்கு எப்படி விளக்குவேன்? எனக்கே அது விளங்கவில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு, "முடிவு வரட்டும், பாப்போம்" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தோற்றால் இனி தோற்றவன் மட்டுமல்ல, ஊரை ஏமாற்றியவனும்கூட.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பயத்திலேயே கழிந்தன. பாய்லருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போனில் தேர்வு முடிவு வரும் இணையப் பக்கத்தைத் திறப்பேன். சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கேயாவது நீராவி சீறினால் தூக்கிப்போடும். காரைக்குடிக்குப் போக வேண்டுமென்றால் டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு பைக்கில் சுற்றுவழியாகப் போனேன். பஸ்ஸில் ஏறினால் பங்கு ஆட்கள் யாராவது பிரியாணி எப்போது என்று கேட்பார்கள்.

வார விடுமுறை நாளில் சாப்பிட்டு முடித்த நேரம். என்னோடு தேர்வெழுதிய நண்பன் போன் செய்து, "வந்திருச்சுடா" என்றான். தன்னுடையதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான். பக்கம் திறந்தது. பெயர்கள் இல்லை, வெறும் எண்கள். பதற்றத்தில் என் எண்ணே எனக்கு மறந்துபோயிருந்தது. ஹால் டிக்கெட்டை எங்கே வைத்தேன் என்றும் தெரியவில்லை.

அடுப்படி வாசலில் நின்றபடி அம்மா அந்த எண்ணைச் சொன்னாள். ஒவ்வோர் இலக்கமாக, பிசகாமல் சொன்னாள். சொந்தப் போன் நம்பரை இன்றுவரை என்னிடம் கேட்டுத்தான் சொல்பவள்.

எண் இருந்தது.

"இருக்கும்மா."

"இன்னொரு தடவ பாருய்யா." மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். மறுபடியும் இருந்தது.

நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் சந்தோஷத்தில், "அதான் தராம எங்குட்டுப் போயிருவாருன்னு நீயே சொன்னியே" என்று சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தேம்பினாள்.

"அன்னைக்கு மைக்குல வாசிக்கும்போதுதேன்யா எனக்கு ஒறைச்சுச்சு. சாமி சன்னிதியில பொய்யச் சொல்ல வச்சுட்டேனேன்னு! நாஞ் செஞ்ச பாவத்துக்கு ஒன்னயத் தோக்கடிச்சுருவாரோன்னு ஒரு நாளும் கண்ண மூடலய்யா. ஒங்கிட்ட எப்புடிச் சொல்லுவேன்? நீயே பயந்துபோயிக் கெடந்த."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பயம் என்னை விட்டிருந்தது. அவளை விட்டுப் போக வெகுநேரம் ஆனது.