அக்கா எழுத மறுத்த சாவு

கொழும்பு வெள்ளவத்தை வாடகை அறையில் அக்கா எழுதிக்கொண்டிருக்கும் காட்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கட்டிலில் சம்மணமிட்டு, மடியில் தலையணை, அதன்மேல் மடிக்கணினி. ஒவ்வொரு வசனத்தையும் வாய்க்குள் பேசிப் பார்த்த பிறகுதான் தட்டுவாள். கதையில் மாமியார் அழுதால் இவள் முகமும் கோணும். பக்கத்தில் தேத்தண்ணீர் ஆறி ஆடை படர்ந்திருக்கும். "சாப்பிட்டிட்டு எழுதன் அக்கா" என்றால், "பொறடி, இந்தக் கலியாணத்தைக் குழப்பிப்போட்டு வாறன்" என்பாள்.

எங்கள் ஊரான ஊர்காவற்றுறையிலிருந்து போய், கொழும்பில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சிக்கு நெடுங்காலம் தொடர்கள் எழுதினாள். கன்னத்தில் அறை, கோயிலில் சத்தியம், ஆஸ்பத்திரியில் மாறிப்போன குழந்தை என்று கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தாள். கடைசித் தொடரில் மட்டும் தன் விருப்பத்துக்கு இரண்டு பேரை வைத்தாள்: கடலுக்குப் போய்த் திரும்பாத மகன், அவனை நினைத்து நினைத்துக் காத்திருக்கும் தாய்.

பக்கத்துத் தீவான எழுவைதீவில் ஒரு அம்மா அந்தத் தொடரை விடாமல் பார்த்தார். அவருடைய மகனும் கடலுக்குப் போனவன்தான். வள்ளமும் வரவில்லை, உடலும் கரையொதுங்கவில்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வரும் நாட்களில், திரும்பிப் போகும் படகுக்காக எங்கள் வீட்டில் காத்திருப்பார். ஒருமுறை அக்கா ஊருக்கு வந்திருந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீர் கதையிலை அந்தப் பெடியனைக் கொண்டு வந்திடும், என்ன?"

"பாப்பம் அம்மா" என்றாள் அக்கா.

சில மாதங்களில், மகனாக நடித்த பையனுக்குக் கனடா விசா கிடைத்தது. தாயின் நினைவுக் காட்சிகளில் வந்துபோக இனி ஆளில்லை. துணியால் மூடிய ஒரு சவத்தைக் காட்டி அந்தக் கதையை முடிக்கச் சொன்னார் தயாரிப்பாளர். அக்கா மறுத்தாள். "அவனைச் சாக வைக்க எனக்கு ஏலாது. பொய்க்குக் கொண்டு வரவும் ஏலாது."

"உங்களுக்கு ஏலாட்டி எழுதக்கூடிய ஆக்கள் இருக்கினம்" என்றார் அவர்.

வேறு யாரோ எழுதினார்கள். 'எழுத்து' என்று திரையில் அக்காவின் பெயரே தொடர்ந்து வந்தது. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தபின் ஒரு வரிகூட எழுதவில்லை. எவ்வளவு படுத்தும் தீராத களைப்பு அவளுக்கு. நாங்கள் தொலைக்காட்சியைப் போட்டால் எழும்பிக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுவிடுவாள்.

அடுத்த கிளினிக் நாளில் அந்த அம்மா படலையைத் திறந்தார். அக்காவுக்கு ஒளிந்துகொள்ள நேரமிருக்கவில்லை. அந்தச் சாவை எழுதியது அவள் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"சவத்தைக் கொண்டு வந்தாங்கள் பிள்ளை" என்றார் அம்மா. "துணியை விலக்க முந்தி நான் ரீவியை நிப்பாட்டிப் போட்டன். எனக்கு அவன் சாகேல்லை. மிச்சத்தை நீர் சொல்லும்."

அக்கா கதிரையில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "வள்ளம் வந்துகொண்டுதான் இருக்குது அம்மா. இன்னும் கரை தெரியேல்லை" என்றாள்.

"ஓம், எதிர்க்காத்தெல்லே. சாப்பிட ஏதும் வச்சிருக்கிறானே?"

"வச்சிருக்கிறான்."

அம்மா படகுக்குப் போனபின் அக்கா கதிரையிலேயே கண்ணை மூடிக்கிடந்தாள். "இதை எப்பிடியடி முடிக்கிறது?" என்று கேட்டாள்.

போன கிழமை கிளினிக்குக்கும் அந்த அம்மா வந்தார். அக்கா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மிச்சத்தைச் சொல்ல அவருக்கு முன்னால் இருந்தாள்.