ஏலி வைத்த கையெழுத்து

தியாகலிங்கத்துக்குப் பிரெஞ்சு வராது. எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். கடல் கடந்து வந்து குடியேறிய கோட்-டெ-நெய்ஜில் அவருக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த மதாம் பெர்த்தியேக்கு அதுவே தாராளம். மனிசிக்குக் கண் மங்கல். ஆனால் பிரெஞ்சு அரசன் துரத்திய ஹியூகனோக்கள் என்ற புரட்டஸ்தாந்துக்காரரின் வழியில் வந்தவர் தான் என்பதைப் பழைய தேவாலயப் பதிவேடுகளில் பார்க்காமல் சாகமாட்டாராம்.

வாரம் முழுக்க சென்ட் லோரன்டில் ஒரு கிடங்கில் மருந்துப் பெட்டி அடுக்கிவிட்டு, சனிக்கிழமை தியாகலிங்கம் ஆவணக் காப்பகத்தில் பெயர்களை எழுத்துக் கூட்டுவார். மதாம் கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டுச் சுவரில் மதாம் கீறிய வம்ச மரம் தொங்கியது. அதன் உச்சியில் ஏலி பெர்த்தியே, மதத்துக்காக நாட்டையே விட்ட மானஸ்தன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு மாசியில் ஏலி ஒரு பதிவேட்டில் அகப்பட்டான். இங்கேயும் அப்போது அதே அரசனின் ஆட்சிதான்; கப்பலால் இறங்கி ஒரு வருசத்துக்குள் கத்தோலிக்கப் பாதிரியார் முன் முழந்தாளிட்டு, தன் மதத்தைக் கைவிட்டதாக ஏலி ஐயா கையெழுத்து வைத்திருந்தார்.

"கோழை," என்றார் மதாம். வீட்டுக்கு வந்ததும் ஏலியின் பெயரை வெட்டியெடுக்கக் கத்தரிக்கோலோடு சுவரிலிருந்த மரத்தடிக்குப் போனார்.

தியாகலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் அரைகுறை ஆங்கிலத்தில் வெடித்தார்.

"நில்லுங்கோ மதாம்! பறங்கியர் ஆண்ட காலத்திலை எங்கடை சைவ ஆக்களும் பயத்திலை ஞானஸ்நானம் வாங்கினவை. பேந்து வீட்டிலை களவாய் விரதம் பிடிச்சு, சாப்பிட்ட வாழையிலையைக் கூரைக்குள்ளை செருகி ஒளிச்சவை. உங்கடை ஏலியும் கத்தோலிக்கர் இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமையிலை கதவைப் பூட்டிப்போட்டு இறைச்சி திண்டிருப்பான்."

"அது பதிவேட்டில் இல்லை."

"இலையும்தான் ஒரு பதிவேட்டிலையும் இல்லை."

"நானென்றால் செத்திருப்பேன், கையெழுத்து வைத்திருக்கமாட்டேன்," என்றார் மதாம்.

தியாகலிங்கத்துக்கு முகம் சுட்டது. சொல்லவே கூடாதென்று இருந்தவர் சொன்னார்.

"எண்பத்துமூண்டு ஆடிக் கலவரத்திலை, வெள்ளவத்தையிலை, நான் வந்த பஸ்ஸைக் காடையர் மறிச்சாங்கள். நெத்தியிலை இருந்த திருநீறை லேஞ்சியாலை துடைச்சன். தமிழனோ எண்டு கேட்டாங்கள். இல்லையெண்டு சிங்களத்திலை சொன்னன். பக்கத்திலை இருந்த பெடியன் ஓம் எண்டவன்."

"அவன் பெயர்?"

"தெரியாது, மதாம். சாகேக்கை அவனுக்குக் கலியாணம் கட்டுற வயசுகூட இல்லை. அவனைத் தேடிக்கொண்டு வர ஒரு பேரப்பிள்ளையும் இல்லை."

மதாம் கத்தரிக்கோலை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார்.