ஊசி போட்ட பிறகு தேடிய இட்லி

எனக்கு மாற்றலாகி, திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதிக்குக் குடிவந்த புதிது. கேஸ் இணைப்பு மாறி வராததால் மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடுதான். எனக்கு அலுத்தே போயிருந்தது.

சர்க்கரை நோயாளியான என் கணவர் தினமும் வீட்டில் இன்சுலின் போட்டுக்கொண்டு, தெருமுனை மெஸ்ஸில் இட்லி சாப்பிடுவார். பௌர்ணமிக்கு மறுநாள் காலையும் அப்படியே ஊசி போட்டுக்கொண்டு கிளம்பினோம். மெஸ் பூட்டியிருந்தது. அடுத்த இரண்டு கடைகளும் அப்படித்தான். கிரிவலக் கூட்டத்துக்கு விடிய விடியச் சமைத்தவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கத் தொடங்கியது.

திறந்திருந்தது ஒரே கடை. வெளிநாட்டவர் ரொட்டி சாப்பிடும் இடம், நமக்கெதற்கு என்று நான் ஒதுக்கி வைத்திருந்த கடை. அவரைத் தாங்கிப் பிடித்தபடி உள்ளே நுழைந்தேன்.

"சுகர் எறங்கிடுச்சாம்மா? மொதல்ல இத குடிக்கட்டும்" என்று கடைக்காரர் ஆரஞ்சு ஜூஸில் சர்க்கரையை ஜாஸ்தியாகப் போட்டுக் கொடுத்தார். என் கணவர் தெளிந்து நிமிர்ந்ததும் கடைக்காரர் சொன்னார்: "பௌர்ணமிக்கு மறுநாள் காலையில இங்க யாரும் அடுப்பு பத்தவைக்க மாட்டாங்கம்மா. ராத்திரி நல்லா தூங்கிட்டு பசியோட வர்றவங்க எங்க கஸ்டமருங்க மட்டும்தான்."

கேஸ் வந்து பல வருடங்களாகின்றன. ஆனால் எங்கே வெளியில் சாப்பிடப் போனாலும், இலையில் இட்லி விழுந்த பிறகுதான் ஊசியை என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். அவர் முறைப்பார். முறைக்கட்டும். முறைக்கத் தெம்பிருக்கிறதே, அது போதும்.